முப்பத்தொன்றாவது வரி

பிப்ரவரி 11, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சுண்டெலி எழுதுகிறேன். நீ நலமா என்று முதலில் கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன். நாங்கள் நலம் என்று அடுத்து எழுத வேண்டும். அதை மட்டும் எழுத வரவில்லை.

உன் முகவரியைத் தையல் டீச்சர் கொடுத்தார். எப்படிக் கிடைத்தது என்று கேட்டதற்கு, "உனக்கு அக்கா வேணுமா, கதை வேணுமா? எழுதிக் குடு, நான் தபால்ல போட்டுடறேன்" என்றார். நீ பதில் எழுதினால் டீச்சர் பெயருக்கே எழுது. வகுப்பில் துணிக்குள் மடித்துத் தருவார். இந்தத் தாளும் சட்டை அளவு வெட்டுகிற தாள்தான். ஓரத்தில் கழுத்து வளைவு தெரிகிறதா? சிரிக்காதே.

குளியலறையில் கவிழ்ந்த வாளியின்மேல் உட்கார்ந்து, மூன்றாவது இரவாக, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன். இரண்டு நாளாக நான் வருவதற்கு முன்பே வாளி கவிழ்ந்து காய்ந்து கிடக்கிறது. அந்த மட்டும் என் நல்ல நேரம்.

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. முன்னறைச் சுவர் முழுக்க இப்போது அப்பாவின் பட்டியல்தான். இடது பக்கம் சிவப்பில், தீர்க்கதரிசிகள் சொன்னது. வலது பக்கம் நீலத்தில், அது இயேசுவில் நடந்தது. நீ இருந்தபோது முப்பத்துநாலு வரி. இப்போது நாற்பது. சின்ன ஊரில் பிறப்பார், கழுதைமேல் வருவார், முப்பது வெள்ளிக்காசுக்கு விற்கப்படுவார், அடிப்பார்கள், ஆட்டுக்குட்டி மாதிரி வாய் திறக்க மாட்டார், எலும்பு ஒன்றும் முறியாது, எல்லாம் இருக்கிறது. கடைக்காரர்களுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற அதே கையால், அதே அழகோடு எழுதியிருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துக் கண்கலங்குகிறார்கள்.

அதைத் துணியிலும் எழுதுகிறார். பெரிய வெள்ளி ஆராதனையில் அதை மேடையில் தொங்கவிட்டு, நான் நாற்பது வரியையும் பார்க்காமல் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரி முடிந்ததும் சபை முழுவதும் "நிறைவேறிற்று!" என்று சொல்லும். அப்பா பக்கத்தில் நின்று குச்சியால் வரியைத் தொட்டுக் காட்டுவார்.

அந்தக் குச்சியை நீ மறந்திருக்க மாட்டாய். எழுதும்போது கை நடுங்காமலிருக்க மணிக்கட்டை ஊன்றிக்கொள்வாரே, அதே குச்சி. முனையில் சுற்றிய துணிப்பந்து மட்டும் புதிது. தினமும் சாயங்காலம் பாடம். ஒரு தப்புக்கு ஒரு அடி, முன்கையில். அழுதால் இன்னொன்று, ஏனென்றால் இருபத்திரண்டாவது வரியில் அவர் வாய் திறக்கவில்லை. முடிந்ததும் என் கையை மடியில் வைத்து, டாக்டர் மாதிரி விரலால் அமுக்கி அமுக்கிப் பார்ப்பார். "ஒண்ணும் முறியல. முப்பத்தொண்ணாவது வரி நிக்குது பாத்தியா?" என்பார். அந்த நேரத்தில் மட்டும் அவர் குரல் அவ்வளவு மெதுவாக இருக்கும். அந்தக் குரலுக்குத்தான் அக்கா எனக்கு ரொம்பப் பயம்.

நேற்று பதினாறு அடி. முழங்கைக்குக் கீழே கறுத்து, நடுவில் மஞ்சளாகிவிட்டது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போகிறேன்.

இதையெல்லாம் சொல்வதற்காக எழுதவில்லை. அடுத்த வாரம் நம் தங்கச்சி கொசுவுக்கு ஏழு வயது ஆகிறது. நீயும் நானும் ஏழு வயதில்தான் ஆரம்பித்தோம். அவள் கை என் இரண்டு விரல் தடிமன்தான் இருக்கிறது அக்கா. நான் என்ன செய்யட்டும்?

உன்
சுண்டெலி


பிப்ரவரி 17

என் சுண்டெலிக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன், பிறகு படுத்துக்கொண்டு படித்தேன். கழுத்து வளைவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதில் விரலை வைத்துப் பார்த்தேன். உன் கழுத்து இப்போது இவ்வளவா இருக்கும்?

மூன்று வருடத்தில் உனக்கு ஒன்பது கடிதம் எழுதியிருக்கிறேன். ஒன்றும் உன் கைக்கு வரவில்லை என்று இப்போது தெரிகிறது. அவர் அடுப்பில் போட்டிருப்பார். நீதான் கோபமாக இருக்கிறாய் என்று நானும் உன்மேல் கோபமாக இருந்தேன். பார், இரண்டு கழுதைகள்.

நான் ஒரு பெரிய மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறேன். நாளுக்கு அறுபது பேர். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லி, வாடகை அறைக்கு வந்து கதவைத் திறக்கும்போதும் வாய்க்குள் அதுவே ஓடுகிறது. ஜன்னல் ஒன்று, கட்டில் ஒன்று. கட்டிலில் மூன்று பேர் படுக்கலாம், அளந்து பார்த்துவிட்டேன்.

அந்தப் பட்டியலை நம்பாதே. நான் விட்டுவிட்டேன். பைபிளைத் திறந்து மூன்று வருடம் ஆகிறது. நாற்பது வரியும் பொய், அடிப்பதற்கு ஒரு சாக்கு. நீ கொசுவைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்தே கிளம்பி வந்துவிடு. டீச்சர் பஸ் ஏற்றிவிடுவார்.

பாஸ்டரிடம் போகாதே. பதினாறு வயதில் நான் போனேன். அவர் வீட்டுக்கு வந்தார், பட்டியலைப் பார்த்தார், "எப்பேர்ப்பட்ட ஊழியம்!" என்றார், தேநீர் குடித்தார், போய்விட்டார். அவர் போன பிறகு நடந்தது உனக்கு ஞாபகமிருக்கும். நீதானே என் வாயைத் துடைத்துவிட்டாய்.

பதில் எழுது. உடனே.

உன்
அக்கா


பிப்ரவரி 26, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று பேர் படுக்கலாம் என்ற இடத்தைப் பத்து தடவை படித்தேன். ஆனால் அம்மாவை எங்கே படுக்கவைப்பாய்? நாங்கள் இரண்டு பேரும் போய்விட்டால் சாயங்காலம் ஏழு மணிக்கு முன்னறையில் அம்மா மட்டும்தான் இருப்பார். நீ போன அன்று நடந்தது உனக்குத் தெரியாது. சொல்லவும் மாட்டேன். அம்மாவுக்கு இடது காது இப்போது கேட்பதில்லை, அது மட்டும் தெரிந்துகொள்.

இன்னொன்று. கோபப்படாதே. பட்டியல் பொய் என்று எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டியலில் இருப்பவரை எனக்குப் பிடிக்கும். அடி விழும்போது நான் அவரோடுதான் பேசுகிறேன். எத்தனையோ நூறு வருடம் முன்பே ஒருத்தர் இவருக்காக அழுது எழுதி வைத்திருக்கிறார், "நம்முடைய அடியெல்லாம் அவர்மேல் விழுந்தது" என்று. அப்படி ஒருத்தர் வருவார் என்று காத்திருந்தார்கள், வந்தார். இதில் பொய் எங்கே இருக்கிறது? எனக்குப் புரியாதது ஒன்றுதான். எல்லா அடியும் அவர்மேல் விழுந்துவிட்டதென்றால் எங்களுக்கு விழுவது யாருடையது? இதை அப்பாவிடம் கேட்கலாமா?

கொசுவுக்குப் பாடம் ஆரம்பித்துவிட்டது.

முதல் நாள் நன்றாகத்தான் போனது. அப்பா மடியில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். "ராஜா கழுதைமேல வருவார்."

"ஏன்பா, குதிரை கிடைக்கலையா?" என்றாள்.

அப்பா சிரித்துவிட்டார். நிஜமாகச் சிரித்தார். அம்மாகூடச் சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தார். கொசுவுக்குத் தலைகால் புரியவில்லை. "கழுதை உதைச்சிருந்தா ராஜா என்னப்பா பண்ணியிருப்பார்?" என்றாள்.

அப்பா சிரிப்பை நிறுத்தினார். அவளை மடியிலிருந்து இறக்கி நிறுத்தி, "கையை நீட்டு" என்றார். மிட்டாய் என்று நினைத்து இரண்டு கையையும் நீட்டினாள்.

நான்கு அடி. முதல் அடிக்கு அவள் அழவில்லை. யாரோ வேறு ஆள் அடித்துவிட்டார்கள் என்பதுபோலத் திரும்பிப் பார்த்தாள். இரண்டாவதுக்குக் கத்தினாள். கத்தியதற்கு மூன்றாவது. நான் என் கையைக் குறுக்கே வைத்தேன், நான்காவதில் பாதி எனக்கு. பிறகு அவர் அவள் கையைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார். "ஒண்ணும் முறியல. நிக்குது."

ஏழு வருடமாக நூறு நூறு அடி வாங்கியும் ஒரு எலும்பும் முறியவில்லை. சில நேரம் எனக்கே அது அற்புதமோ என்று தோன்றும். தோன்றுவது பாவமா?

கொசு இப்போது என் பக்கத்தில் தூங்கும்போது இரண்டு கையையும் வயிற்றுக்கடியில் வைத்துக்கொள்கிறாள்.

உன்
சுண்டெலி

மறந்துவிட்டேன். இன்றும் வாளி கவிழ்ந்தே இருந்தது. மெழுகுவர்த்தியும் புதிது.


மார்ச் 4

என் சுண்டெலிக்கு,

உன் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. ஆனால் அற்புதம் பற்றிக் கேட்டாயே, அதற்குத் தெரியும்.

பயிற்சியில் சேர்ந்த முதல் மாதம், ஒருவர் கையை ஒருவர் படமெடுத்துப் பழகுவோம். என் இடது முன்கையை எடுத்தார்கள். எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பெரியவர் அதை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இது எப்ப உடைஞ்சது?"

"உடையவே இல்லை சார்."

"யார் கிட்ட கதை விடறே? இங்க பாரு." பேனா முனையால் ஒரு இடத்தைத் தொட்டார். குச்சியில் முடிச்சு விழுந்ததுபோல எலும்பு அங்கே தடித்திருந்தது. "எட்டு, ஒன்பது வயசுல உடைஞ்சிருக்கு. யாரும் கட்டுப் போடல. தானா ஒட்டியிருக்கு."

எட்டு வயது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒன்பதாவது வரி. மூன்று வாரம் அந்தக் கையால் டம்ளர்கூடத் தூக்க முடியவில்லை. அப்பா எண்ணெய் போட்டு நீவிவிட்டு, "முறியல, வசனம் நிக்குது" என்றார். நானும் நம்பினேன். பத்து வருடம் நம்பினேன் சுண்டெலி! வலி தாங்க முடியாதபோதெல்லாம், முறியவில்லை அல்லவா, கடவுள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அந்தப் படத்துக்கு முன்னால் நின்று சிரித்தேன். பெரியவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

விரலால் அமுக்கிப் பார்த்தால் எதுவும் தெரியாது. குழந்தைகளின் எலும்பு பச்சைக் கொம்பு மாதிரி, பாதி முறிந்து பாதி நிற்கும். உனக்கும் எங்கேயாவது இருக்கும். அற்புதம் எதுவும் நடக்கவில்லை.

ஒன்றை இன்றுவரை எழுதாமல் இருந்தேன். நான் கிளம்பிய அன்று எனக்குத் தெரியும், நான் விட்ட இடத்தில் நீ நிற்பாய் என்று. தெரிந்தேதான் போனேன். அதற்கு என்னை நீ என்ன சொன்னாலும் தகும்.

அம்மாவையும் கூட்டி வா. நான் தரையில் படுத்துக்கொள்கிறேன்.

உன்
அக்கா


மார்ச் 20

அக்கா

இடது கையால் எழுதுகிறேன். கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்.

தப்பு என்னுடையதுதான். அப்பா வேறு எதை நம்பாவிட்டாலும் முப்பத்தொன்றாவது வரியை உண்மையாக நம்புகிறார். அது எனக்குத் தெரியும். எலும்பு முறியாது, அதனால் அடிக்கலாம். அதுதான் அவர் கணக்கு. அப்படியானால் முறிந்திருக்கிறது என்று தெரிந்தால் குச்சியைப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். அழுவார் என்றுகூட நினைத்தேன்.

திங்கட்கிழமை பாடத்தில் சொல்லிவிட்டேன். "அக்கா கை சின்ன வயசுல முறிஞ்சிருந்துச்சுப்பா. எக்ஸ்ரேல தெரிஞ்சுதாம்."

"யார் சொன்னா?"

நான் சுவரில் இருபத்திரண்டாவது வரியைப் பார்த்தேன்.

"யார் சொன்னான்னு கேக்கறேன்."

இருபத்திரண்டாவது வரி முதல் தடவையாக எனக்கு உதவியது. வாயைத் திறக்கவே இல்லை. கன்னத்தில் அறைந்தார், முடியைப் பிடித்துச் சுவரில் இடித்தார். டீச்சர் பெயர் வரவில்லை.

பிறகு அப்பா அமைதியாகிவிட்டார். "வசனம் பொய் சொல்லுமா? பாத்துடலாம்" என்றார். இரண்டு பெயிண்ட் டப்பாவை மேசைமேல் தள்ளித் தள்ளி வைத்தார். என் வலது கையைப் பாலம் மாதிரி அவற்றின்மேல் வைத்தார். குச்சியைத் திருப்பிப் பிடித்தார். துணிப்பந்து அவர் கையில் இருந்தது, வெறும் முனை என் பக்கம்.

முதல் அடி. இரண்டாவது அடி. அவர் அடிக்க ஓங்கியபோது ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார் அக்கா. நானும்தான். இரண்டு பேரும் ஒரே ஜெபம், முறியக்கூடாது என்று.

மூன்றாவதில் முறிந்தது. பலகைச் சட்டம் உடைகிற சத்தம். கை நடுவில் மடங்கிக் கீழே தொங்கியது.

வழக்கம்போல் அமுக்கிப் பார்த்தார். கட்டைவிரல் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றது. முகம் வெளுத்துவிட்டது. எழுந்துபோய், பெயிண்ட் கழுவுகிற டர்பெண்டைனில் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

திரும்பி வந்து, "முறிஞ்சது எலும்பு இல்ல. உன் விசுவாசம்" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது. இரண்டு பலகைத் துண்டு வைத்துத் துணியால் கட்டியிருக்கிறார். யார் கேட்டாலும் படியில் விழுந்தேன் என்று சொல்ல வேண்டும். விரல் வீங்கி ஊதா நிறமாக இருக்கிறது.

இனிமேல் எழுதுவதுதான் முக்கியம். அப்பா நேற்று சொன்னார், "சின்னவளுக்குச் சந்தேகம்னா என்னன்னே தெரியாது. அவ கையில நிக்கும். ஆராதனை முடியட்டும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாத்துடலாம்."

அம்மா அப்போது முதல் தடவை வாயைத் திறந்தார். "அவளை விட்டுடுங்க" என்றார். அப்பா அம்மாவின் பின்கழுத்தைப் பிடித்துப் பட்டியலில் மோதினார். மூன்று தடவை. பதினாலாவது வரியில் ரத்தம் பட்டுவிட்டது. காய்வதற்குள் ஈரத்துணி கொண்டுவந்து துடைத்தார். எழுத்தை. அம்மாவை இல்லை.

டப்பா இரண்டும் மேசைமேல் அப்படியே இருக்கின்றன. இப்போது கிட்டக் கிட்ட. கொசு கைக்கு ஏற்ற மாதிரி.

சீக்கிரம்

சு


மார்ச் 24

சுண்டெலி,

கவனமாகப் படி, படித்ததும் கிழித்துத் தண்ணீரில் போடு.

உன் ஊர்க் காவல் நிலையத்துக்கு நேற்று எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். என் எக்ஸ்ரே படத்தின் பிரதியும், உன் மூன்று கடிதங்களின் பிரதியும் சேர்த்து. அங்கே இருக்கிற பெண் ஆய்வாளரோடு ஃபோனில் பேசினேன். "நான் பாத்துக்கறேன்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பார்ப்பாரா என்று தெரியாது. பாஸ்டரும் அப்படித்தான் சொன்னார்.

அதனால் நானே வருகிறேன். வெள்ளிக்கிழமை ஆராதனைக்கு. பெண்கள் பக்கம், கடைசி பெஞ்ச். நீல முக்காடு போட்டிருப்பேன். கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்திருக்கும்போது கொசுவைப் பிடித்துக்கொண்டு பக்கவாசல் வழியாக வா. அம்மாவின் கையையும் பிடி. மேடையில் எதுவும் பேசாதே. நாற்பதையும் சொல்லிவிட்டு இறங்கி வா. உன் விரலை அசைத்துக்கொண்டே இரு, ரத்தம் ஓட வேண்டும். கையை மார்புக்கு மேல் உயர்த்தி வை.

வெள்ளிக்கிழமை நான் அங்கே இருப்பேன்.

அக்கா


மார்ச் 29, வெள்ளி, மாலை
பஸ் நிலையம்

என் சுண்டெலிக்கு,

நான் வந்தேன்.

வாசல் வரை வந்தேன். நீல முக்காடும் போட்டிருந்தேன். உள்ளே உன் குரல் கேட்டது. என்ன அழகாகச் சொல்கிறாய்! பிறகு "நிறைவேறிற்று!" என்று எல்லோரும் சொல்ல, அதில் அப்பாவின் குரல் தனியாகக் கேட்டது. எனக்கு இருபத்தொரு வயது. என் கையால் எத்தனையோ குடிகாரர்களை எக்ஸ்ரே மேசையில் அமுக்கிப் பிடித்திருக்கிறேன். அந்தக் குரல் கேட்டதும் என் இடது கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. கால் நகரவில்லை. ஏழு வரி நின்றேன். எட்டாவது வரிக்கு ஓடிவந்துவிட்டேன்.

இரண்டு பஸ் போய்விட்டது. ஏறவும் முடியவில்லை, திரும்பி வரவும் முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இந்நேரம் ஆராதனை முடிந்திருக்கும். அந்த டப்பாக்கள் மேசைமேல்தான் இருக்கும்.

இது இரண்டாவது தடவை. முதல் தடவை விட்டுப்போனதை நீ மன்னித்தாயா என்றே கேட்கவில்லை. இனி கேட்க மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 8, பகல்

அன்புள்ள அக்காவுக்கு,

பகல் என்று போட்டிருக்கிறேன், கவனித்தாயா? ஜன்னலோர மேசை, நிஜ நாற்காலி. எழுத்து கோணலாகத்தான் இருக்கும், வலது கை தோள்வரை மாவுக்கட்டில் இருக்கிறது. எலும்பை மறுபடி உடைத்துச் சேர்த்தார்கள். கொசு நன்றாக இருக்கிறாள். அவள் கை நன்றாக இருக்கிறது. முதலில் அதை எழுதியிருக்க வேண்டும்.

உன் கடிதம் டீச்சர் வழியாக நேற்றுதான் வந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

நீ பேசாதே என்று சொல்லியிருந்தாய். பேசக்கூடாது என்றுதான் மேடையேறினேன். அப்பா குச்சியால் தொடத் தொட, நான் சொல்லச் சொல்ல, "நிறைவேறிற்று! நிறைவேறிற்று!" என்று கூரை அதிர்ந்தது. ஒரு தப்பும் வரவில்லை. முதல் பெஞ்சில் கொசு அம்மா மடியில் உட்கார்ந்து, கையை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி பெஞ்சைப் பார்த்தேன். நீல முக்காடு. நீ வந்துவிட்டாய்.

முப்பத்தொன்றாவது வரி வந்தது. "அவருடைய எலும்புகளில் ஒன்றும் முறியாது என்று சொல்லப்பட்டது. சிலுவைக்கு வந்த போர்ச்சேவகர்கள் மற்ற இருவரின் காலை முறித்தார்கள், அவரை முறிக்கவில்லை."

"நிறைவேறிற்று!"

அந்தச் சத்தத்தில்தான் அக்கா எனக்குத் திடீரென்று விளங்கியது. எவ்வளவு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இப்போதுதான் காதில் விழுந்தது. நிறைவேறிவிட்டது என்றால் முடிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? உன்னைப் பார்த்துக்கொண்டே பேசினேன். என்ன பேசினேன் என்று முழுக்க நினைவில்லை. கொசு சொல்வது இது:

"எல்லாம் அவர்மேல நிறைவேறிடுச்சு. எங்கமேல நிறைவேத்த வேண்டியது எதுவும் பாக்கி இல்ல. நான் படியில விழல. அப்பாதான் என் கையை முறிச்சார். இன்னைக்குச் சாயங்காலம் தங்கச்சி கையை முறிக்கப் போறார்."

பழக்க தோஷத்தில் பாதிச் சபை "நிறைவேறிற்று!" என்று சொல்லிவிட்டது.

அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்று உனக்குத்தான் தெரியும்.

அப்பா அடித்தார். சபை முன்னால், என் முறிந்த கையிலேயே. பலகைத் துண்டு தெறித்துப் போய் ஆர்மோனியத்தில் விழுந்தது. நான் கத்தினேன். அடி வயிற்றிலிருந்து கத்தினேன், ஏழு வருடத்துக்கும் சேர்த்து. இரண்டாவது அடி என் தலைக்கு வந்தபோது அம்மா மேடையில் இருந்தார். எப்போது ஏறினார் என்று தெரியாது. அந்த அடியைத் தோளில் வாங்கிக்கொண்டு, குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அப்பா இழுத்தார், உதைத்தார், அம்மாவின் நெற்றிக் காயம் திறந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. விடவில்லை. பாஸ்டர் "அமைதி, அமைதி" என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நீல முக்காடு எழுந்து நடந்து வந்தது. மேடைக்குக் கீழே வந்ததும்தான் தெரிந்தது அது நீ இல்லை என்று. அந்த ஆய்வாளர், சாதாரண உடையில். நீ அவருக்கு எழுதியதிலும் நீல முக்காடு போட்டு வருவதாகச் சொல்லியிருந்தாயாம், ஒருவேளை நீ வராவிட்டாலும் அதே நிறத்தைப் பார்த்தால் நான் தைரியமாக இருப்பேன் என்று நினைத்தாராம். குச்சியைக் கைக்குட்டையில் சுற்றி வாங்கினார். "போதும் சார், வாங்க" என்றார். வெளியே இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, மெதுவாக நடந்து போனார். எனக்குப் பார்த்ததும் புரிந்தது. இருபத்திரண்டாவது வரி. ஆட்டுக்குட்டி மாதிரி போகிறார். அந்த நிமிடத்திலும் அவர் பட்டியலில் தன்னைத்தான் தேடிக்கொண்டிருந்தார். அவர் பட்டியலில் இருக்கிறார் அக்கா. சாட்டை வைத்திருந்தவர்களோடு இருக்கிறார். அதை இத்தனை வருடம் அவ்வளவு அழகான எழுத்தில் அவரே எழுதி வைத்திருந்தும் அவருக்குத் தெரியவில்லை.

நீ இப்போது கேட்பாய், அது நீ இல்லை என்று தெரிந்திருந்தால் பேசியிருப்பேனா என்று. தெரியாது. பொய் சொல்ல மாட்டேன். கடைசி பெஞ்சில் நீ இருக்கிறாய் என்று நினைத்துத்தான் வாய் திறந்தது. நீ வாசலில் நின்றாய், நான் உள்ளே உன்னைப் பார்த்தேன். நீ எழுதி அனுப்பியது வந்தது, அதன் பின்னால் அவர்கள் வந்தார்கள். உன் கால்தான் வரவில்லை. கோபம் இருந்தது. நேற்று இரவு முழுக்க இருந்தது. காலையில் கொசு, "அக்கா கை பின்னாடி போச்சுன்னு எழுதியிருக்கே, என் கையும்தான் போகும்" என்று செய்து காட்டினாள். அதன்பிறகு வைத்திருக்க முடியவில்லை.

இங்கே பெண்களும் குழந்தைகளும் தங்குகிற ஒரு வீட்டில் இருக்கிறோம். நான்கு கட்டில், ஒரு அலமாரி. அம்மாவுக்கு வலது பக்கம் நின்று பேச வேண்டும். முந்தாநாள் அம்மாவிடம் கேட்டேன், குளியலறையில் வாளியைக் கவிழ்த்து வைத்தது யார் என்று. "ஈரத்துல உக்காந்தா சளி பிடிக்கும்ல" என்றார். டீச்சரிடம் உன் முகவரி எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. நீ எழுதிய ஒன்பதில் ஒன்றை அடுப்புக்குப் போகும் முன் அம்மா பார்த்திருக்கிறார், அவ்வளவு தெரிந்தால் போதும்.

வழக்கு இருக்கிறது. அப்பாவுக்காகச் சபையில் பாதிப்பேர் ஜெபம் பண்ணுகிறார்கள். எங்களுக்காக மூன்று பேர் வந்தார்கள். உன் கை எக்ஸ்ரேயின் அசல் படம் வேண்டும் என்று ஆய்வாளர் சொன்னார், உன் வாயால் சாட்சியும் வேண்டுமாம். அம்மாவையும் கொசுவையும் தலை முதல் கால் வரை படமெடுக்க வேண்டுமாம். இங்கே எடுக்கிறவர் ரொம்ப அவசரக்காரர், கொசு அவரைக் கடித்துவிட்டாள். நீ எடுத்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன் என்கிறாள்.

முப்பத்திரண்டிலிருந்து நாற்பது வரை அன்று நான் சொல்லவே இல்லை. மேடையில் பாதியில் நின்றுவிட்டது. நாற்பதாவது வரி உனக்குத் தெரியாது, நீ போன பிறகு சேர்த்தது. கல்லறை அவரைப் பிடித்து வைத்துக்கொள்ளாது என்பது. அதைக் கொசுவுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், மடியில் உட்காரவைத்து. "அப்ப கல்லை யார் தள்ளினா? கழுதையா?" என்றாள். அம்மா சிரித்தார். யாரும் சிரிப்பை நிறுத்தவில்லை.

நீ நம்ப வேண்டாம் அக்கா. "நிறைவேறிற்று" என்று சொல்லவும் வேண்டாம். வந்து உட்கார்ந்து கேட்டால் போதும்.

வாசலை நினைத்துப் பயப்படாதே. எங்கள் அறைக்குக் கதவே இல்லை, பழைய துணியில் ஒரு திரைதான் தொங்குகிறது, அதுவும் நடுவில் கிழிந்திருக்கிறது. தள்ளிக்கொண்டு உள்ளே வா.

உன்
சுண்டெலி